கலைச்சொல் உதவி: 'ரீஹாபிலிடேட்டட் ஹவுஸ்' (வெள்ளிக்குள் தேவை)

திருச்சியிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழிப் பொருளியல் மாணவர்களுக்காக 2008 அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும், ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன்.

தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் போன வீடுகள் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடந்தன. அந்த ஆண்டு ஜூலையில் வந்த சட்டம் இதற்கு 392 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளூர் அரசுகளும் வீட்டுவசதி ஆணையங்களும் அந்த வீடுகளை வாங்கி, ஆள் குடியிருக்கத் தக்கதாக்கி விற்றன. விலைக்கு ஒரு விதி உண்டு: வாங்கிய செலவும் ரீஹாபிலிடேஷன் செலவும் சேர்ந்து என்ன வருகிறதோ, அதற்கு மேல் ஒரு டாலர்கூட வைக்கக் கூடாது. ஆங்கிலத்தில் 'ரீஹாபிலிடேட்டட் ஹவுஸ்' எனப்படும் இந்த வீட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? 'மறுவாழ்வு இல்லம்' என்று எழுதிப் பார்த்தேன். குடிநோயாளிகளைச் சேர்க்கிற இடம் போல இருக்கிறது.

சென்னையிலிருந்து:
மறுவாழ்வு வேண்டாம் அம்மா. 'மறுகுடியமர்வு'ம் வேண்டாம், இங்கே அந்தச் சொல்லைக் கேட்டாலே, குடிசைவாசிகளை நகருக்கு வெளியே கொண்டுபோய் வைத்த கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்தான் நினைவுக்கு வரும். 'புதுப்பித்த வீடு' என்று போட்டு முடியுங்கள்.

மதுரையிலிருந்து:
புதுப்பிப்பது ஓட்டுநர் உரிமத்தை. வீட்டுக்குப் 'புதுக்கு' என்ற நல்ல வினை இருக்கிறது. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்துக்குப் 'புதுக்குப்புறம்' என்றே பெயர். ஏரிக்கு ஏரிப்பட்டி, கோயிலுக்குப் புதுக்குப்புறம். இடிந்ததை எடுத்துக் கட்டுவதற்கென்று தனியாக நிதி ஒதுக்கிய சமூகம் நாம்! 'புதுக்கிய வீடு' என்றால் பொருள் கச்சிதம். 'புறம்' என்ற பின்னொட்டை விரித்தால், அந்த 392 கோடிக்கே 'மனைப்புதுக்குப்புறம்' என்று பெயரிடலாம். புறம் என்ற சொல் இறையிலி (வரியில்லா) நிலத்தைக் குறிக்க வந்த வழியைப் பற்றி இரவு விரிவாக எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து:
ஐயா, பொறுத்தருள்க. 'ஆணையம் புதுக்கிய வீடுகளை விற்றது' என்பதில் ஒரு கீழ்க்கோடு விட்டுப்போனால் 'பதுக்கிய வீடு' ஆகிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
இதில் என்ன சிக்கல்? நாங்கள் வீடு திருத்துவோம், வாகனம் திருத்துவோம். காடு திருத்திக் கழனியாக்கியது பழைய வழக்குத்தானே. 'திருத்திய வீடு'. 'புனர்வாழ்வு' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். போருக்குப் பிறகு முன்னாள் போராளிகளை வைத்த முகாம்களுக்கு அந்தப் பெயர், இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு கனம்.

திருச்சியிலிருந்து:
திருத்தம் அழகுதான் ஐயா. ஆனால் என் மாணவர்களுக்குத் திருத்துவது என்றால் விடைத்தாள்தான். இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். ஜன்னலுக்குப் பலகை அடித்தது, புல் வெட்டியது, வீட்டை இருந்தபடியே வைத்திருந்தது, இந்தச் செலவு எதையும் விற்பனை விலைக்கான கூட்டலில் சேர்க்கக் கூடாது என்று விதி சொல்கிறது. ஆகவே வெறும் பராமரிப்பையும் சேர்த்துக்கொள்ளும் சொல் எனக்கு உதவாது. 'சீரமைப்பு' அதனால்தான் இடிக்கிறது. ஊராட்சியில் புதர் வெட்டினாலும் சீரமைப்புத்தானே.

கோவையிலிருந்து:
நான் கட்டடப் பொறியாளன், இலக்கணம் அரைகுறை. காலி வீட்டில் முதலில் போவது செம்புக் குழாய். சுவரைப் பெயர்த்து உருவிக்கொண்டு போய்விடுவார்கள். 1978-க்கு முன் கட்டிய வீடென்றால் ஈய வண்ணப்பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதையெல்லாம் சரிசெய்து தருவதை நாங்கள் 'செப்பனிடுதல்' என்போம். 'செப்பனிட்ட வீடு'.

விலை விதிக்கு ஓர் எடுத்துக்காட்டும் போடுங்கள். 40,000 டாலருக்கு வாங்கி 85,000 செலவழித்தால் உச்சவிலை 1,25,000. ஆனால் தெருவே பாழடைந்து கிடக்கும்போது மதிப்பீட்டாளர் 90,000 என்றால் அதற்கு மேல் யார் கடன் கொடுப்பார்? 90,000-க்கு விற்று, மீதி 35,000-ஐப் பொதுப்பணத்தில் எழுதிவிட வேண்டியதுதான். சந்தை 1,50,000-க்கு ஏறினாலும் 1,25,000-ஐத் தாண்ட முடியாது. மாணவர்கள் சொல்லைவிட இதில்தான் தடுக்கி விழுவார்கள்.

மதுரையிலிருந்து:
செப்பனிடுவது சாலையை! மேலும் 'செப்பம்' நடுவுநிலைமையைக் குறிக்கும் சொல். 112ஆம் குறளைப் பாருங்கள்.

கோவையிலிருந்து:
பார்த்தேன் ஐயா. செப்பம் உடையவன் ஆக்கம் சிதையாமல் எச்சத்திற்கு ஏமாப்பு (பாதுகாப்பு) ஆகும் என்கிறது. வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மதுரையிலிருந்து:
அங்கே உடையவன் மனிதன், வீடு அல்ல. எச்சம் என்பது மக்களா புகழா என்பது தனி வழக்கு. அதை வைத்து ஒரு வீட்டை விற்க முடியாது.

சென்னையிலிருந்து:
அந்த வழக்கை வேறு இழையில் நடத்தலாமா? இன்று வியாழன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
செப்பனிட்ட வீடு எங்களுக்கும் விளங்கும். சரி, விட்டுக்கொடுக்கிறேன். திருத்துதலை ஓர் அடைப்புக்குறிக்குள்ளாவது வையுங்கள்.

திருச்சியிலிருந்து:
நன்றி. 'செப்பனிட்ட வீடு' என்றே போகிறேன். இனிமேல் இதில் கைவைக்க நேரமில்லை. வாங்குபவர் எட்டு மணி நேரம் வீடு வாங்குவோருக்கான ஆலோசனை வகுப்பில் உட்கார வேண்டும் என்ற விதியையும் பொறியாளர் தம்பியின் கணக்கையும் சேர்த்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் 'திருத்திய', 'புதுக்கிய' இரண்டும் உண்டு.

திருச்சியிலிருந்து (வெள்ளி மாலை):
மெய்ப்புப் படி வந்துவிட்டது. பக்கம் 14-இல் 'பதுக்கிய' என்று இருக்கிறது. மதுரை ஐயா மன்னிக்க வேண்டும், அந்த அடைப்புக்குறியையே எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மதுரையிலிருந்து:
அச்சகத்தான் செய்த பிழைக்குச் சொல்லையா தண்டிப்பது? என் வாக்கு இன்னும் புதுக்கிய வீட்டுக்குத்தான். 'புறம்' பற்றிய மடல் பாதியில் நிற்கிறது, ஞாயிறு அனுப்புகிறேன்.