புதுப்பிப்பு: தார் பாலைவனத்தில் குதிரைகளோடு முகாம், மணலில் கட்டும் சிக்கல் தீர்ந்தது

போன மாதம் இங்கே இரண்டு விஷயம் கேட்டிருந்தேன்: குதிரையைக் கட்ட மணலில் அடித்த முளையை அது பிடுங்கிவிடுகிறது; இடம் மாறினால் தண்ணீர் குடிக்க மறுக்கிறது. பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஜெய்சல்மேருக்குத் தென்மேற்கே குரி கிராமத்துப் பக்கம் மூன்று இரவு தங்கித் திரும்பிவிட்டோம். எங்கள் மார்வாரி இனக் குதிரைகள் இரண்டும் நலம்.

நீளமான இரும்பு முளை முதல் இரவே ஆடிவிட்டது. சாக்கில் மணல் நிரப்பி, நடுவில் கயிறு கட்டி, இரண்டடி ஆழத்தில் குறுக்காகப் புதைக்கச் சொன்னீர்களே, அதுதான் நின்றது. மேலே மணலை நன்றாக மிதித்து இறுக்க வேண்டும்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கு நீங்கள் சொன்ன வெல்லம் கரைக்கும் யோசனை உதவியது. கிளம்பும் முன் ஐந்து நாள் வெல்லம் கரைத்த தண்ணீர் கொடுத்துப் பழக்கினோம். அங்கே கிணற்று நீர் உவர்ப்பு; அதிலும் வெல்லம் கரைத்து வைத்தோம். பெட்டைக்குதிரை உதட்டை நனைத்துவிட்டுத் தலையைத் தூக்கியது. உள்நோக்கி வளைந்த காதுகளின் நுனி ஒன்றையொன்று தொட்டன. அப்புறம் உறிஞ்ச ஆரம்பித்தது, வாளியின் அடி தெரியும் வரை விடவில்லை. அந்த நிமிடம்தான் எனக்கு உயிரே வந்தது. ஒரு குதிரைக்கு நாளுக்கு 30 முதல் 40 லிட்டர் கணக்கு வையுங்கள்.

தீவனத்தைத் தரையில் போடாமல் வாய்ப்பையில் (முகத்தில் மாட்டும் தீவனப் பை) கட்டினோம். மணல் வயிற்றில் சேர்ந்தால் குடல்வலி வரும்.

எதிர்பாராதது பரூட் புல்லின் முள்காய். பிடரியிலும் கால்மயிரிலும் கொத்தாக ஒட்டிக்கொண்டது. சேணத்துக்கு அடியில் ஒன்று கிடந்தாலும் புண்ணாகிவிடும். தினமும் காலையில் முதுகைக் கையால் தடவிப் பார்த்த பிறகே சேணம் போட்டோம்.