விருப்பப் பாடமாகத் தடயவியல்: எடுக்கலாமா, நேர விரயமா?

தூங்காத அம்மா:
மகள் மேல்நிலை வகுப்புக்குப் போகிறாள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். அதோடு தடயவியல், வானியல், சுற்றுச்சூழல் அறிவியல் இவற்றில் ஒன்றை விருப்பப் பாடமாக எடுக்கலாமாம். வேண்டாம் என்பவர்களுக்கு அந்த நேரத்தில் கூடுதல் இயற்பியல் வகுப்பு நடக்கும். இவள் தடயவியல்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், அவள் அப்பா கூடுதல் இயற்பியல் என்கிறார். வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

கணக்குப்புலி:
அப்பா சொல்வதைக் கேளுங்கள். விசையும் ஆற்றலும் வசப்படாத வயதில் தடயவியல் என்றால் தொலைக்காட்சித் துப்பறியும் தொடரை வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பது, அவ்வளவுதான். பெயர் கவர்ச்சியாக இருக்கும், பிள்ளைகள் ஓடிப்போய்ச் சேருவார்கள், அப்புறம் கல்லூரியில் முதல் பருவத்திலேயே இயந்திரவியலில் திணறுவார்கள். அடித்தளம் போடும் நேரத்தில் சுவருக்கு வண்ணம் அடிக்காதீர்கள்.

சோதனைக்குழாய்:
புலி சார், ஒரு தடயவியல் ஆய்வக வகுப்பையாவது உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? நான் வேதியியல் நடத்துகிறவன். தரம் பார்த்தலில், அதாவது அமிலத்தில் காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனையில், பினாப்தலீன் என்ற நிறங்காட்டி விட்டு இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்து என்றால் பிள்ளைகள் நிறுத்துவார்கள், ஏன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதே பினாப்தலீனை நிறம் போக ஒடுக்கி எடுத்தால் இரத்தக் கறைக்கான முதல்கட்டச் சோதனை. கறையைத் தொட்ட பஞ்சில் அந்தக் கரைசலை விட வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு விடும் முன்பே சிவந்துவிட்டால் சோதனை செல்லாது, அங்கே வேறு ஏதோ ஆக்சிஜனேற்றி இருக்கிறது. சரியான வரிசையில் செய்தாலும் உருளைக்கிழங்குச் சாறுகூட சிவக்க வைக்கும், அதிலுள்ள நொதி அப்படி. உருளைக்கிழங்கு 'கொலைகாரன்' ஆன அன்று என் வகுப்பில் வந்த கேள்விகள் வருடம் முழுக்கத் தரம் பார்த்தலில் வந்ததில்லை.

கணக்குப்புலி:
உங்கள் வகுப்பு நல்ல வகுப்பு, சரி. எல்லா இடத்திலும் நீங்கள் இருக்கிறீர்களா? கட்டாயப் பாடத்துக்குப் பொதுத்தேர்வு என்று ஒரு கடிவாளம் உண்டு, ஆசிரியர் சுமாராக இருந்தாலும் பாடத்திட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். விருப்பப் பாடம் ஒரே ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்கிறது. அவர் மாறுதலாகிப் போனால்?

பழைய மாணவி:
இதில் புலி சார் பக்கம்தான் நான். எனக்கு நடந்தது. ஆசையாக வானியல் எடுத்தேன். பாதி வருடம் திரையை இறக்கிவிட்டு வீடியோ, மீதிப் பாதி கோள்களின் படம் ஒட்டிய அட்டை. ஒருநாள்கூட இரவில் வெளியே கூட்டிப்போனதில்லை. மதிப்பெண் மட்டும் தாராளமாகப் போட்டார்கள்.

இரவுவானம்:
படிக்கவே வயிறு எரிகிறது. வானியலுக்குப் பெரிய தொலைநோக்கிகூட வேண்டாம். ஒரு இருகண் நோக்கியைத் தாங்கியில் அசையாமல் வைத்தால் வியாழனின் 4 பெரிய நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும், கலிலியோ 1610இல் பார்த்த அதே நான்கு. தினமும் ஒரே நேரத்தில் எந்தப் புள்ளி எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று ஒரு கோடு போட்டுக் குறித்துவந்தால் போதும். அயோ சுற்றிவர சுமார் 42 மணி நேரம், அதனால் இன்று இடப்பக்கம் நின்றது நாளை பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். கானிமீடுக்கு 7 நாள், காலிஸ்டோவுக்கு ஏறக்குறைய 17. சுற்றுக்காலத்தின் இருமடியை வியாழனிலிருந்து உள்ள தூரத்தின் மும்மடியால் வகுத்துப் பார்த்தால் நான்குக்கும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். இதுதான் கெப்ளர் விதி. அதைக் கரும்பலகையில் இருந்து எழுதிக்கொண்டவனுக்கும் மேகத்தோடு மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தவனுக்கும் வித்தியாசம் இல்லையா? இதற்குப் பெயர் இயற்பியல் இல்லை என்றால் வேறென்ன?

கணக்குப்புலி:
இதை நான் மறுக்கவே இல்லை. அதை இயற்பியல் வகுப்பிலேயே செய்யலாமே, தனிப் பாடம் எதற்கு?

சோதனைக்குழாய்:
செய்யலாம்தான். பாடத்தை முடிக்கவே நாள் போதாத இடத்தில் யார் செய்யவிடுகிறார்கள்? அம்மா, பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி: போன வருடம் பிள்ளைகள் தங்கள் கையால் எதை எதை அளந்தார்கள்? பதிலுக்குப் பட்டியல் வந்தால் சேருங்கள், வீடியோ என்று வந்தால் அவள் அப்பா சொல்வதே சரி. அதுவரை வீட்டில் இதைச் செய்யச் சொல்லுங்கள்: சாய்த்து வைத்த அட்டையில் மைத்துளி விழுந்தால் நீள்வட்டக் கறை வரும். அதன் அகலத்தை நீளத்தால் வகுத்தால் விழுந்த கோணத்தின் சைன்.

தூங்காத அம்மா:
செய்தோம்! கறை அகலம் 9 மி.மீ., நீளம் 13, கோணம் ஏறக்குறைய 44 டிகிரி. அட்டையைச் சாய்த்ததோ 50. தப்பு என்று அழாத குறை. அப்புறம் அவளேதான் பிடித்தாள், கோணம் மேசையில் இருந்து இல்லை, அட்டைக்கும் துளி விழும் பாதைக்கும் நடுவில், அதனால் 40 வர வேண்டும். ஆசிரியரை நாளைக்குப் பார்க்கிறேன்.

கணக்குப்புலி:
மீதி 4 டிகிரி எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டீர்களா? அட்டை மையை உறிஞ்சி நாலாபக்கமும் பரவவிட்டிருக்கும், வழவழப்பான தாளில் திரும்பப் போடச் சொல்லுங்கள். கூடுதல் இயற்பியல் பற்றி என் கருத்து மாறவில்லை, ஆனால் என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.