பேரீச்ச மரத்தடியில் 12 பேர்

பலமனேரிலிருந்து:

இந்தப் படத்தில் இருக்கும் 12 பேரில் ஒருத்தர் எங்க தாத்தா. மத்த 11 பேர் யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. பின்வரிசையில் அஞ்சு பேர் நிக்கிறாங்க, நடுவில் நாலு பேர் நாற்காலியில், முன்னால் மூணு பேர் தரையில் சம்மணம். பின்னாடி பேரீச்ச மரம்.

தாத்தா 1941-ல் பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரலை. நைனா பிறந்ததைக் கடுதாசியில்தான் தெரிஞ்சுக்கிட்டார். இந்தப் படத்தோட வந்த கடுதாசி இன்னும் எங்ககிட்ட இருக்கு. "எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது. பேரீச்ச மரம் நிறைய. நாற்காலியில் இருக்கிற நால்வரில் இடப்பக்கமிருந்து இரண்டாவது நான்." இடத்தின் பேரை எழுத விடாத சென்சார்காரன் மரத்தை விட்டுட்டான்.

நைனாவுக்கு ஆறு வயசு இருக்கும்போதே ஆயா போயிட்டா. படமும் கடுதாசியும் பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்து, 1974-ல்தான் நைனா கைக்கு வந்தது. பூஞ்சை பிடிச்சிருந்ததால் ஒரு ஸ்டூடியோவில் காப்பி போட்டார். அந்த ரெண்டாவது ஆளை மட்டும் தனியா பெருசாக்கி பிரேம் போட்டு மாட்டினார். மூலப்படத்தை அப்புறம் கரையான் தின்னுடுச்சு. இங்கே போட்டிருப்பது காப்பி.

ஆள் எடுத்தது வேலூரில். அப்போ சித்தூரும் வட ஆற்காடும் எல்லாமே சென்னை மாகாணம். அதனால் மத்தவங்க குடியாத்தம், பேரணாம்பட்டு, குப்பம், வி.கோட்டா பக்கத்து ஆளுங்களா இருக்கலாம்.

வி.கோட்டாவிலிருந்து:

சொல்லவே சங்கடமா இருக்கு. உங்க தாத்தான்னு நீங்க சொல்ற அந்த ரெண்டாவது ஆள், எங்க தாத்தா.

எங்க ஆயாவுக்கு 95 வயசு. போனைக் கிட்டத்தில் பிடிச்சுக் காட்டினேன். முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்கால் மேல வெச்சிருக்கிற கையைத்தான் பார்த்தா. "சுண்டுவிரலைப் பாருடி, மடங்கியே நிக்குது. எங்க ஊட்டுக்காரருதான் இது." சின்ன வயசில் கரும்பு ஆலையில் விரல் மாட்டின கதை எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தாத்தா ஈராக்கில் பசராவில் இருந்ததாச் சொல்வாராம். பேரீச்சம்பழம்னாலே முகத்தைச் சுளிப்பாராம், அங்கே தின்னு அலுத்துப்போச்சுன்னு. 1946-ல் திரும்பி வந்தார். கல்யாணம் அதுக்கப்புறம்தான்.

ஒண்ணுதான் இடிக்குது. ஆயா அடிச்சுச் சொல்றா, மடங்கின விரல் இடது கைன்னு. படத்தில் வலது கை. வயசாச்சு, மறந்திருப்பான்னு நான் சொன்னதுக்கு, "முப்பது வருஷம் அந்தக் கைக்குச் சோறு போட்டவ நானா நீயா?"ன்னு திட்டு விழுந்தது.

குப்பத்திலிருந்து:

எங்க பெரிய தாத்தா இந்தப் படத்தில் இல்லை. மூக்கு அப்படியே நம்ம மூக்குன்னு எங்க அத்தை நாலு பேரைக் காட்டினாங்க, நாலும் வேற வேற மூக்கு! எங்ககிட்ட இருக்கிற படத்தைப் பத்தி ஒரு வரி சொல்லிக்கிறேன். சுபேதார், சுபேதார்னு பரம்பரையா பெருமை பேசினோம். பெருசாக்கிப் பார்த்தால் கையில் ஒரே ஒரு பட்டை. லான்ஸ் நாயக், சுபேதாருக்கு ரொம்பக் கீழே. அத்தைகிட்ட இன்னும் சொல்லலை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

நான் பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கிற பொறியாளர் படையில் இருந்தவன். பெங்களூர் சென்டரில் எங்களைத் தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. எங்க அப்பிச்சியும் அதே படைதான், அவரைத் தேடித்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். அவர் இல்லீங்க. ஆனா வேற ஒண்ணு கண்ணில் பட்டது.

நிக்கிற வரிசையில் நடுவில் இருக்கிற வயசானவர் நெஞ்சைப் பாருங்க. மெடல் ரிப்பன் வலது பக்கம் இருக்குது. பட்டாளத்தில் சொந்த மெடலை இடது நெஞ்சில்தான் குத்துவோம், இதில் தப்பே வராது. அடுத்து சட்டை. ஆம்பளைச் சட்டையில் இடப்பக்கத்துத் துணி வலப்பக்கத்துக்கு மேலே ஏறும். இதில் 12 பேருக்கும் நேர்மாறா இருக்குது. 12 பேரும் ஒரே நாளில் சட்டையைத் தப்பாப் போட மாட்டாங்க.

ஸ்டூடியோவில் காப்பி போட்டப்போ நெகட்டிவைத் திருப்பி வெச்சுட்டாங்க. மொத்தப் படமும் இடவலம் மாறிக் கிடக்குது. அந்த ஆயா சொன்னதுதான் சரிங்க, இடது கைதான்.

கடுதாசி எழுதினவர் பார்த்தது மூலப்படம். அதில் இடப்பக்கமிருந்து ரெண்டாவதுன்னா, நீங்க போட்டிருக்கிற காப்பியில் மூணாவது. பலமனேர்த் தம்பி, மன்னிச்சுக்குங்க.

பலமனேரிலிருந்து, மறுபடியும்:

நாலு நாளா பதில் எழுதலை. நைனாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

50 வருஷமா ஒவ்வொரு மாளய அமாவாசைக்கும் இலை போட்டுப் படையல் வெச்சது வி.கோட்டாக்காரருக்கு. அதில் முதல் மூணு வருஷம் அவர் உயிரோட வேற இருந்திருக்கார்! (வி.கோட்டா ஆயா கணக்குப்படி அவர் போனது 1977.) என் அண்ணன் பிறந்தப்போ, தாத்தா ஜாடை அப்படியேன்னு ஊரே சொல்லியிருக்கு.

கடைசியில் படத்தைக் கண்ணாடி முன்னால் பிடிச்சு, கண்ணாடிக்குள்ளே பார்க்கச் சொன்னேன். கடுதாசியைப் பக்கத்தில் வெச்சேன். நைனா ரொம்ப நேரம் எண்ணினார், இடப்பக்கமிருந்து ஒண்ணு, ரெண்டு. இந்த ஆள் மெலிஞ்சவர், கொஞ்சம் பயந்த முகம், மீசைகூடச் சரியா வளரலை. "சின்னப் பையனா இருக்கானே"ன்னார். நைனாவுக்கு 83 வயசு. படத்தில் இருக்கிறவருக்கு 22 தாண்டியிருக்காது.

தாத்தா இறந்தது இத்தாலியில், 1943 கடைசியில். சாங்க்ரோ ஆற்றுப் பக்கத்துப் போர்க் கல்லறையில், தகனம் செஞ்ச 500-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் தேடினால் அவர் பேர், அப்பா பேர், ஊர் மூணும் வருது. எழுத்துக்கூட்டல்தான் கன்னாபின்னா. பலமனேரையே மூணு விதமா அடிச்சுப் பார்த்தப்புறம்தான் கிடைச்சது. நீங்க தேடும்போது ஆள் பேரை விட்டுட்டு ஊர் பேரைப் பல மாதிரி போட்டுப் பாருங்க.

போன ஞாயிற்றுக்கிழமை பிரேம் படத்தை எடுத்துக்கிட்டு வி.கோட்டா போனோம். ஆயா அதை மடியில் வாங்கி வெச்சுக்கிட்டு முதல்ல கேட்டது, "சந்தனப் பொட்டை ஏன் கண்ணாடி மேலயே வெச்சீங்க, தொடைக்க வரமாட்டேங்குதே". அப்புறம், "பசராவில் பக்கத்துக் கட்டில்காரன் ஒருத்தன், பையன் பிறந்திருக்கான்னு கடுதாசி வந்ததும் முகாம் முழுக்க வெல்லம் கேட்டு அலைஞ்சானாம்னு சொல்வாரு. அது உங்க அப்பாவான்னு எனக்குத் தெரியாது"ன்னா. நைனா ஒண்ணும் பேசலை. திரும்பி வரும்போது பஸ்ஸில், இந்தப் பக்கத்துப் பசங்க எத்தனை பேருக்கு அந்த வருஷம் பையன் பிறந்திருக்கும்னு கேட்டார்.

படத்தைத் திருப்பிச் சரியா போட்டிருக்கேன். முன்னாடி பார்த்துட்டு இல்லைன்னு போனவங்க இன்னொரு தரம் பாருங்க. ரிப்பன்காரரும், தரையில் உட்கார்ந்திருக்கிற மூணு பேரும் யாருன்னு இன்னும் தெரியலை.