மறு: ஈமேக்ஸ் அஞ்சல் – டேக், ஃபிளாக், மார்க் மூன்றும் 'குறி'தானா?

குழுவினருக்கு வணக்கம்.

> மூன்றுக்கும் 'குறி' என்றே வைப்போம். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஐயா, ஈமேக்ஸ் (Emacs) என்ற உரைத்தொகுப்பியைத் தமிழாக்கும்போது டேக் (tag), ஃபிளாக் (flag), மார்க் (mark) மூன்றுக்கும் ஒரே சொல் வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஈமேக்ஸுக்குள் மடல் படிக்கும்போது இவை ஒரே திரையில், சில சமயம் ஒரே வரியிலேயே வந்து நிற்கின்றன.

டேக்கில் பிரச்சினை இல்லை. வலைப்பதிவுக் காலத்திலிருந்தே குறிச்சொல் என்கிறோம், அப்படியே இருக்கட்டும். ஃபிளாக் என்பது படித்தாயிற்று, பதில் போட்டாயிற்று என்ற நிலையைச் சொல்வது. மடல்களைச் சேமிக்கும் மெயில்டிர் (Maildir) முறையில் ஒவ்வொரு மடலும் தனிக் கோப்பு. படித்தால் எஸ், பதிலளித்தால் ஆர் என்று கோப்புப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். நிலைக்குறி என்றால் பொருந்தும்.

சிக்கல் மார்க்கில்தான். ஈமேக்ஸுக்குள் மடல் படிக்க உதவும் மியூ4ஈயில் (mu4e) ஒரு மடலின் மேல் டி விசையைத் தட்டினால் அது உடனே குப்பைக்குப் போவதில்லை. வரியின் ஓரத்தில் ஓர் அடையாளம் விழும், அவ்வளவுதான். இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் எம்ஆர்டி ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்குவதற்குள் பட்டியல் முழுக்க இப்படித் தட்டிக்கொண்டே போவேன். மனம் மாறினால் யூ தட்டி எடுத்துவிடலாம். எக்ஸ் தட்டி, நிச்சயமா என்று கேட்பதற்கு ஆமாம் சொன்ன பிறகுதான் கோப்புகள் நகரும். ஆக, மார்க் என்பது இனிமேல் செய்யப்போவதைப் பற்றிய முடிவு. இதற்கும் குறி, படித்ததற்கும் குறி என்றால், புதிதாக வருபவர் டி தட்டியதுமே மடல் போய்விட்டது என்று நினைப்பார்; எக்ஸ் தட்டாமலே மூடிவிடுவார்.

என் பரிந்துரை: முன்குறி. எக்ஸுக்கு 'இயக்கு' வேண்டாம், நிரல் ஓட்டுவதற்கு அது இருக்கிறது, 'நிறைவேற்று' போதும். "முன்குறிகளை நிறைவேற்றவா?" என்று திரை கேட்டால் விளக்கமே தேவைப்படாது. வேதாகமத் தமிழில் முன்குறித்தல் என்றால் முன்பே தீர்மானித்தல்; அந்தப் பொருளும் இங்கே ஒத்துப்போகிறது.

இணையம் என்ற சொல்லை நம் ஊர் நா. கோவிந்தசாமி தந்தார். அது இணையத்தில், இணையவழி, இணையத்தளம் என்று எந்தப் பக்கமும் வளைந்து கொடுப்பதால்தான் நிலைத்தது என்பேன். முன்குறியிடு, முன்குறித்த மடல்கள், முன்குறி நீக்கு என்று இதுவும் வளைகிறது.

ஒன்று மிச்சமிருக்கிறது. ஈமேக்ஸில் உரைப்பகுதியைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் இடத்துக்கும் மார்க் என்றே பெயர். அதற்கு எல்லைக்குறி சரிவருமா? கையேட்டின் அந்தப் பகுதியில் கை வைத்தவர்கள் சொல்லுங்கள்.