பொருள்: ‘ஹைப்ரிட்’ தட்டுக்குத் தமிழ் வேண்டும் (வெள்ளிக்குள்)

வரைவாளன்:
வணக்கம். பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ பாடல் தொகுப்பை எந்தத் தட்டில் கேட்பது என்றொரு கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். 1973 இசைத்தட்டைத் தாண்டிவிட்டேன், சிடியையும் தாண்டிவிட்டேன். 2003இல் வந்த எஸ்ஏசிடியில் (சூப்பர் ஆடியோ சிடி) சிக்கிக்கொண்டேன். அது ‘ஹைப்ரிட்’ வகை. மேலடுக்கில் சாதாரண சிடி: 16 பிட், வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள். அதற்குக் கீழே பாதி ஒளி ஊடுருவும் அடுக்கில் 1 பிட், வினாடிக்கு 28,22,400. சிடி கருவியின் அகச்சிவப்புக் கதிர் கீழடுக்கைக் கடந்துபோய் மேலே உள்ளதைப் படிக்கும்; எஸ்ஏசிடி கருவியின் சிவப்புக் கதிர் கீழடுக்கிலேயே படித்துத் திரும்பும். ‘கலப்பினத் தட்டு’ என்று எழுதினேன். ‘மாட்டுப்பண்ணைக் கட்டுரையா?’ என்று கேட்கிறார் ஆசிரியர்.

கும்பகோணம் தமிழாசிரியர்:
இருவட்டு. முடிந்தது.

யாழ்ப்பாணத்தான்:
முடியவில்லை ஐயா. எங்களுக்கு சிடியே ‘இறுவட்டு’தான். உங்கள் ஊர்ப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன. காதால் கேட்பவர் எதை வாங்குவார்?

கும்பகோணம் தமிழாசிரியர்:
வேறு அடை சேர்த்துக்கொள்ளுங்கள், ‘வட்டு’ மட்டும் இருக்கட்டும். குறள் 401இலேயே ‘வட்டாடி’ இருக்கிறது. வட்டம், வட்டில், வட்டு எல்லாம் ஒரே குடும்பம். தட்டு சோற்றுக்கு.

தட்டுப்பித்தன்:
இசைத்தட்டு என்று வானொலி சொல்லிச் சொல்லிப் பழகிய காது இது. அந்தக் குறள் நூலறிவில்லாமல் அவையில் பேசுகிறவனைப் பற்றியது. எங்களில் யாரைச் சொல்கிறீர்கள்?

சிலேடைப்பிரியை:
சண்டை வேண்டாம். பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பா பாடினாரே காளமேகம், அதுதானே இந்தத் தட்டு? படிக்கும் கதிருக்கு ஏற்றபடி பொருள் தருகிறது. சிலேடைத் தட்டு!

கும்பகோணம் தமிழாசிரியர்:
சிலேடை வடசொல். நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் ‘இரட்டுற மொழிதல்’ இருக்கும்போது கடன் எதற்கு? இரட்டுறு வட்டு.

யாழ்ப்பாணத்தான்:
அழகுதான், ஆனால் தலைகீழ். சிலேடையில் எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இங்கே எழுத்து இரண்டு, பாட்டு ஒன்று.

தட்டுப்பித்தன்:
பாட்டு ஒன்று என்று யார் சொன்னது? ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 தடக் கலவை (சுற்றிலும் ஆறு ஒலிபெருக்கிகளுக்கானது) கீழடுக்கில் மட்டும்தான். இரண்டிலும் இருக்கும் ஸ்டீரியோவும் ஒன்றல்ல. சிடி அடுக்கில் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்கிவிட்டார்கள் என்று ஒலிக்கருவி இதழிலேயே எழுதினார்கள். தொடக்கத்து இதயத்துடிப்பை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். என் பழைய இசைத்தட்டில் அது ஊசியின் கரகரப்போடு சேர்ந்து வரும். எனக்கு அதுவே போதும். கட்டுரையில் ஹைப்ரிட் என்றே எழுதுங்கள், கடைக்காரருக்காவது புரியும்.

வரைவாளன்:
இன்று வெள்ளி. ஹகரத்துக்கு ஆசிரியர் ஒப்பவில்லை. ‘ஈரடுக்கு தட்டு’ என்று அனுப்பிவிட்டேன். மூவர் ஆதரவு, இருவர் மௌனம். அனைவருக்கும் நன்றி.

சிலேடைப்பிரியை:
டிவிடியிலும் ஈரடுக்கு உண்டே! இரண்டு கருவியிலும் ஓடும் என்பது அந்தச் சொல்லில் எங்கே இருக்கிறது?

கும்பகோணம் தமிழாசிரியர்:
‘ஈரடுக்கு’ வன்தொடர்க் குற்றியலுகரம், பின்னால் வல்லினம் மிகும். ஈரடுக்குத் தட்டு. அச்சுக்குப் போகுமுன் அந்த ‘த்’தையாவது சேருங்கள். வட்டு பற்றித் தனி மடல் வருகிறது.