புதுப்பிப்பு: சேப்பாக்கத்தில் அஸ்வின்

ரவிச்சந்திரன் அஸ்வின் 2024 டிசம்பரில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றபோது, சேப்பாக்கத்தில் அவர் ஆடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2021இல் இங்கிலாந்துக்கு எதிராக அவர் அடித்த 106 ரன்கள்தான் என்று எழுதியிருந்தேன். 2025 ஆகஸ்டில் ஐபிஎல்லிலிருந்தும் அவர் விலகிவிட்டதால், நண்பர்கள் சிலர் நினைவூட்டிய மற்றொரு டெஸ்டையும் இங்கே சேர்க்கிறேன்.

2024 செப்டம்பரில் வங்கதேசத்துக்கு எதிராக இந்தியா 144 ரன்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியபோது, ஜடேஜாவுடன் சேர்ந்து 199 ரன்கள் குவித்த அஸ்வின், தாம் 113 ரன்கள் எடுத்ததோடு நில்லாமல், பின்னர் 88 ரன்கள் கொடுத்து 6 விக்கெட்டுகளையும் சாய்த்தார். சொந்த ஊரில் அதுவே அவருடைய கடைசி டெஸ்ட்.

ஆனாலும் என் வாக்கு 2021க்கே. கடைசி ஆட்டக்காரராக எதிர்முனையில் நின்ற சிராஜ், சதம் அடித்தவரையே மிஞ்சும் வகையில் துள்ளிக் குதித்துக் கொண்டாடியதை (சதம் யாருடையது என்றே ஒரு கணம் சந்தேகம் வந்திருக்கும்) வேறெந்த ஆட்டத்திலும் நான் கண்டதில்லை.