காஸ்ட்ரோ, ஹால்ஸ்டெட்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவாசி:
சான் பிரான்சிஸ்கோ வருகிற நம்மவர்கள் பலரும் தன்பாலின ஈர்ப்புள்ளவர்களின் (கே) பேட்டையான காஸ்ட்ரோவில் வானவில் நிற ஜீப்ரா கிராஸிங்கில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தெருமுனையில் இருக்கும் ட்வின் பீக்ஸ் பாருக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அங்கே எழுபது தாண்டிய ஒரு பெரியவர் என்னிடம் தானாகவே பேச்சுக் கொடுத்தார். முதலில் காட்டியது ஜன்னலைத்தான். பெரிய பெரிய கண்ணாடி, தெருவில் போகிறவர் முகமெல்லாம் தெரிகிறது, நம் முகமும் அவர்களுக்குத் தெரியும். 1972 வாக்கில் இரண்டு பெண்கள் இந்த பாரை எடுத்து நடத்தியபோதுதான் இப்படித் திறந்துவிட்டார்களாம். அதுவரை கே பார் என்றால் ஜன்னலை மூடியே வைத்திருப்பார்கள், போலீஸ் ரெய்டில் மாட்டினால் வேலை போய்விடும், வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

அறுபதுகளில் ஐரிஷ் தொழிலாளிக் குடும்பங்கள் புறநகருக்குக் குடிபெயர, பழைய விக்டோரியன் வீடுகள் சல்லிசாகக் கிடைத்தன, அப்படித்தான் கே மக்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒரே இடத்தில் குடியிருந்ததால் ஓட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. 1977-இல் நகரசபைத் தேர்தல் வட்டார வாரியாக நடந்தபோது, இதே தெருவில் கேமரா கடை வைத்திருந்த, அவர்களில் ஒருவரான ஹார்வி மில்க் ஜெயித்தார். மறுவருடம் நவம்பர் 27 அன்று மேயர் மாஸ்கோனியையும் அவரையும் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

எய்ட்ஸ் காலத்தைப் பற்றிப் பேசும்போது பெரியவர் குரல் தழுதழுத்தது. 1981-இல் பாபி கேம்ப்பெல் என்ற நர்ஸ் தன் உடம்பில் வந்த புண்களைப் படம் எடுத்து, இங்கே ஒரு மருந்துக்கடை ஜன்னலில் ஒட்டி மற்றவர்களை எச்சரித்தார். அரசாங்கம் வாயைத் திறக்காத நேரத்தில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்ததும் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததும் இந்தத் தெருக்காரர்கள்தான். இங்குள்ள வாரப் பத்திரிகையில் 1998 ஆகஸ்டில்தான் பல வருடங்களுக்குப் பிறகு இரங்கல் செய்தி இல்லாத இதழ் வந்தது. அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அவர் பேசவே இல்லை.

சிகாகோவிலிருந்து:
அண்ணா, படித்துவிட்டு மனசு கனத்துப்போச்சு. எங்கள் ஊரில் இதே மாதிரிப் பேட்டை ஹால்ஸ்டெட் தெரு. தொண்ணூறுகளின் கடைசியில் நகர நிர்வாகமே வானவில் வளையம் போட்ட தூண்களை அங்கே நிறுத்தியது. இப்போதுதான் துணை தேட ஆப் இருக்கிறதே, இனி எதற்குத் தனிப் பேட்டை என்று கேட்கிறவர்களை நான் அங்கே கே மக்களை வரவேற்கும் முதியோர் குடியிருப்புக்குக் கூட்டிப்போவேன். 2014-இல் திறந்தது. பழைய டவுன் ஹால் போலீஸ் ஸ்டேஷன் கட்டடத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வசிக்கும் ஒரு அம்மா, சாதாரண முதியோர் இல்லத்துக்குப் போனால் இந்த வயசில் மறுபடி எல்லாத்தையும் மறைத்து வாழ வேண்டியிருக்கும் என்று பயந்தாராம். பக்கத்திலேயே சமூக மையம் இருக்கிறது, சாயங்காலம் இளம்பிள்ளைகள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரே குறை வாடகை, வயசுப்பிள்ளைகளால் அங்கே குடியிருக்கவே முடியாது, ரயிலேறித்தான் வந்துபோகிறார்கள்.